குரூப் மாற்றிச் சாப்பிட்ட மாத்திரைகள்

வலி எந்த இடத்தில் என்று சொல்லக் கூச்சப்பட்டே இரண்டு வருடத்தைக் கெடுத்தேன். அதனால் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், நாற்காலியில் உட்கார்ந்தால் பலகையில் படுகிற இடத்தில் வலித்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. கழித்து முடித்த பிறகும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகவே தோன்றியது. அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. சின்னமனூரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற தொழிலுக்கு, உட்காருகிற இடமாகப் பார்த்து நோய் வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கம் இதற்கு ஒரே பெயர்தான். சூடு. எரிச்சல் என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்கு வருகிற ஆளுக்கு ஆள் வைத்தியம் சொல்வார்கள். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்தேன். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். இளநீராகக் குடித்ததில் சிறுநீர் கழிக்கிற தடவைதான் கூடியது, எரிச்சல் குறையவில்லை.

என் கடைக்கு மூன்று கடை தள்ளி பாஸ்கரனின் மெடிக்கல் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். அவனிடம் மட்டும் கூச்சம் இல்லாமல் சொன்னேன். அவன் அலமாரியைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி ஓர் அட்டையை எடுத்தான்.

"யூரின் இன்ஃபெக்சன் மாப்ள. சிப்ரோஃப்ளாக்சசின். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு நாள் போடு, ஓடிப்போகும்."

மூன்றாம் நாள் எரிச்சல் ஓடித்தான் போனது. நானும் நிறுத்திவிட்டேன். மிச்ச மாத்திரைகளைக் கல்லாப்பெட்டியில் போட்டுவைத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே வலி திரும்பி வந்தது.

என் புத்திசாலித்தனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதைப் புரியவைக்க என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டவர்களுக்கு மழை விட்டதும் அடிச்சாம்பல் நோய் வரும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்து, விட்டால் குலை வரைக்கும் போய்விடும். அதற்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும். பிறகு அந்த மருந்தும் பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். மருந்துகளை அவை கொல்லுகிற விதத்தை வைத்துக் குரூப் குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு தடவை இந்தக் குரூப், அடுத்த தடவை வேறு குரூப் என்று மாற்றி அடிக்க வேண்டும். "போன தடவ அடிச்சதையே கேக்காதீக, குரூப் மாத்தி அடிங்க" என்று நான் கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவேன். கம்பெனிக்காரர்கள் நடத்துகிற கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சை நான் என் உடம்புக்கும் பேசினேன்.

"போன தடவ குடுத்தத குடுக்காத பாஸ்கரா. வேற குரூப்பு குடு. பழகிப்போகும்."

பாஸ்கரன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். "டாக்டருக்கே பாடம் எடுப்ப போலருக்கே" என்றபடி செஃபிக்சிம் கொடுத்தான். அதை நான்கு நாள் போட்டேன். அடுத்த தடவை டாக்சிசைக்ளின். அதற்கடுத்த தடவை வயிற்றைக் குமட்டுகிற இன்னொன்று. சில தடவை பாஸ்கரனை வேறு குரூப் எது என்று கேட்காமல் நானே போனில் தேடிக் கண்டுபிடித்துப் பெயர் எழுதிக் கொடுத்தேன். இப்படி இரண்டு வருடத்தில் ஏழு மருந்து. எதையும் ஐந்து நாளைத் தாண்டிப் போட்டதில்லை. வலி விட்டதும் நிறுத்தினேன், வலி வந்ததும் குரூப் மாற்றினேன். என்னைவிட விவரமான நோயாளி மதுரைக்குத் தெற்கே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி செல்வராணிக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். ராத்திரியில் நான் நான்கைந்து தடவை எழுந்து போவதைப் பார்த்துவிட்டு, வம்படியாகத் தேனிக்கு ஒரு மருத்துவரிடம் இழுத்துப்போனாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "வெளிய பழக்கம் ஏதும் உண்டா?"

எனக்கு அப்படி எந்தப் பழக்கமும் கிடையாது. ஆனாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இல்ல சார்" என்று சொல்வதற்குள் அவர் சீட்டை எழுதி முடித்துவிட்டார். சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. இன்னொரு மாத்திரை எழுதினார், அது நான் ஏற்கனவே தின்று முடித்த மாத்திரை. அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. செல்வராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரு கேட்டதுக்கு இல்லைன்னு சொல்ல ஏன் அம்புட்டு நேரம் ஆச்சு?"

"கூச்சமா இருந்துச்சு."

"பொய் சொல்லத்தான் நேரம் ஆகும். கூச்சத்துக்கு எதுக்கு நேரம்?"

அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் எங்கள் வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. பதினொன்றாவது படிக்கிற மகள் தேன்மொழிதான் இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனாள். இருபது வருடம் கூட வாழ்ந்தவளிடம் நான் யோக்கியன் என்று நிரூபிக்க என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. அந்த மருத்துவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது குளிர் அடித்தது. வெயில் கொளுத்துகிறது, எனக்குப் பல் கிட்டித்தது. சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது, ஒரு சொட்டும் வரவில்லை. பாஸ்கரன் ஓடிவந்து காரில் ஏற்றினான். செல்வராணி வீட்டிலிருந்து வந்த வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டிருந்தாள். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது நான் பிதற்ற ஆரம்பித்தேனாம். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அங்கே சிறுநீரகத் துறை மருத்துவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், விரலை ஆசனவாய் வழியாக லேசாக விட்டுப் பார்த்தார். தொட்டதும் உயிர் போனது. "புராஸ்டேட்டு வீங்கிக் கெடக்கு" என்றார். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பி. விந்துவோடு கலக்கும் நீரில் ஒரு பங்கை அதுதான் சுரக்கிறது. அது வீங்கிக் குழாயை நெரித்ததால்தான் சிறுநீர் அடைத்திருக்கிறது. அடிவயிற்றில் ஊசியால் துளைபோட்டு, ஒரு மெல்லிய குழாயைச் செருகிச் சிறுநீரைப் பைக்குள் இறக்கினார்கள். அந்த நிமிடம் கிடைத்த சுகத்தில் அவர் காலில் விழுந்திருப்பேன், எழுந்திருக்க முடிந்திருந்தால்.

சிறுநீரையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு எடுத்தார்கள். கிருமிக்குத் தீனி போட்டு வளர்த்து, அது எந்தக் கிருமி என்று பார்த்து, பிறகு ஒவ்வொரு மருந்தாக அதன் மேல் வைத்து எதற்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். மூன்று நாள் ஆகும். அதுவரை குத்துமதிப்பாக ஒரு மருந்தை ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மருத்துவர் ஒரு தாளோடு வந்து கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற மருத்துவரைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். தாளில் வரிசையாக மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குச் சாகும். ஆர் என்றால் சாகாது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று போய்க்கொண்டே இருந்தது.

"இ.கோலி. எல்லார் குடல்லயும் இருக்கிற கிருமிதான். பின்பக்கத்துல இருந்து முன்பக்கத்துக்கு ஏறி, புராஸ்டேட்டுக்குள்ள குடியிருந்திருக்கு. நாள்பட்ட தொற்று" என்றவர், செல்வராணியைப் பார்த்துச் சொன்னார்: "இது வெளிய இருந்து வந்த சீக்கு இல்லம்மா. அவர் குடல்ல இருந்தே வந்தது."

செல்வராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அறைக்கு வெளியே போனாள். அரை மணி நேரம் உள்ளே வரவில்லை.

மருத்துவர் என்னிடம் திரும்பினார். "இதுவரைக்கும் என்னென்ன மருந்து எடுத்தீக?"

நான் ஒப்பித்தேன். ஏழு பெயரையும் வரிசையாக. குரூப் மாற்றி எடுத்த விவரத்தையும் சொன்னேன். காய்ச்சலிலும் அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் தாளை மடித்து மடியில் வைத்தார். "நான் கம்பத்துக்காரன். எங்க வீட்லயும் திராட்சைதான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். இலை நனையாம மருந்து அடிச்சாப் போதும்னு சொல்லுவீகளா?"

"மாட்டேன் சார்."

"பாதிக் கொடி அடிச்சதும் இறங்கிப் போகச் சொல்லுவீகளா?"

"மாட்டேன்."

"அந்தச் சுரப்பிக்குள்ள முக்கால்வாசி மருந்து நுழையவே நுழையாது. நுழையுறதும் நாலு வாரம், ஆறு வாரம் விடாம எடுத்தாத்தான் மூலைமுடுக்கெல்லாம் போயிச் சேரும். நீங்க இலை நனையுறதுக்கு முன்னாடியே டேங்க இறக்கி வச்சுட்டீக. அதுக்கு மிஞ்சி நின்னது யாரு? அந்த மருந்துக்கு அசராத கிருமி. அதுமேலதான் அடுத்த டேங்கு. அதையும் அரைகுறையா. அது ரெண்டையும் பழகிக்கிருச்சு. இப்பிடியே ஏழு. நீங்க குரூப்பு மாத்தல. ஒரே கிருமிய ஏழு மருந்துக்கும் பழக்கி விட்ருக்கீக."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வரவில்லை. யார் மேல் என்று தேடினேன். மறுநாள் பாஸ்கரன் சாத்துக்குடிப் பையோடு வந்தபோது ஆள் கிடைத்துவிட்டான். வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவன் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, "நீ கேட்டதத்தான மாப்ள குடுத்தேன். வேற கேட்டா வேற குடுத்துருப்பேன்" என்றான். சீட்டு இல்லாமல் விற்றது அவன் குற்றம். ஆனால் கேட்டு வாங்கியது நான்.

தாளில் மூன்று மருந்துக்குத்தான் எஸ் இருந்தது. இரண்டு, நரம்பில் ஏற்றுகிறவை. மூன்றாவது ஃபாஸ்ஃபோமைசின், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பவுடர். நரம்பில் ஏற்றுவது ரத்தத்தில் இருக்கிற கிருமியை அடக்கிக் காய்ச்சலை இறக்கும். சுரப்பிக்குள் பதுங்கியிருப்பதை வேரோடு எடுப்பதற்கு அந்தப் பவுடரைத்தான் நம்ப வேண்டும் என்றார் மருத்துவர்.

"அதுக்கும் அசரலைன்னா சார்?"

"அத அப்பப் பாப்போம்" என்றார். அப்படியென்றால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். நானும் கடைக்காரன்தான். கைவசம் சரக்கு இல்லாதபோது நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

பதினான்கு நாள் மருந்து ஏறியது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஊசி குத்திய இடமெல்லாம் வீங்கி, கடைசியில் குத்துவதற்குப் புறங்கையில் நரம்பு கிடைக்கவில்லை. என் அக்கா குச்சனூர் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டுவிட்டு வந்து, "ஏழரை முடியிற நேரம்டா, அதான் இந்தப் பாடு" என்றாள். ஏழு மருந்தை நான்தான் எனக்கு ஊட்டினேன், இதில் சனியை எதற்கு இழுக்க வேண்டும் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அழுதுகொண்டே திருநீறு பூசினாள்.

செல்வராணிக்கு வேலை இருந்தது. சிறுநீர்ப் பை நிறைந்ததும் அளவு ஜாடியில் பிடித்து, எத்தனை மில்லி என்று கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து நர்ஸிடம் சொல்லுவாள். நான் நனைத்த வேட்டிகளைக் குளியலறையில் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போடுவாள். ஏழெட்டு மாதம் பேசாமல் இருந்ததற்கு வட்டி கட்டுகிறாளோ என்று தோன்றும். ஒரு நாள் என் கால் நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டே, "அன்னைக்குத் தேனியிலயே இந்தக் கல்ச்சர எடுத்துருந்தா, நான் உங்கள அப்பிடி நெனச்சுருக்க மாட்டேன்ல" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். இருபது வருடத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அதைச் செய்யத் தோன்றியிருக்கிறது.

குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பவுடர். மருத்துவர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி ராத்திரி படுக்கப் போகும் முன் சிறுநீரைக் கழித்துவிட்டுக் குடிக்க வேண்டும். வயிறு கலக்கிக்கொண்டு போகும். இரண்டாவது வாரமே வலி சுத்தமாக நின்றுவிட்டது. பழைய ஆளாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆறு வாரமும் குடித்தேன். ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

முடிந்ததும் மதுரையில் இரட்டைச் சோதனை செய்தார்கள். முதலில் ஒரு டப்பாவில் சிறுநீர் பிடிக்க வேண்டும். பிறகு மருத்துவர் விரலை விட்டுப் புராஸ்டேட்டை அமுக்குவார். அதற்குப் பிறகு வரும் சிறுநீரை இரண்டாவது டப்பாவில் பிடிக்க வேண்டும். சுரப்பிக்குள் கிருமி மிச்சம் இருந்தால் இரண்டாவது டப்பாவில் காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சல் இருந்த சமயத்தில் அப்படி அமுக்கியிருந்தால் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும் என்பதால் அப்போது இதைச் செய்யவில்லை. இரண்டு டப்பாவிலும் எதுவும் வளரவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி செய்தார்கள், அப்போதும் வளரவில்லை. மருத்துவர் என் கையைக் குலுக்கினார். வரும் வழியில் உசிலம்பட்டியில் காரை நிறுத்தி நானும் செல்வராணியும் டீ குடித்தோம். அவள் இரண்டு டீ குடித்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். பிழைத்தேன் என்று வாயை மூடிக்கொண்டு கடையைப் பார்த்திருப்பேன்.

அடுத்த மாதம் செல்வராணி சிறுநீர் எரிகிறது என்றாள். பெண்களுக்குச் சாதாரணமாக வருவதுதான், தண்ணீர் நிறையக் குடித்தால் போய்விடும் என்றாள். மறுநாள் விலாவில் வலித்தது, காய்ச்சல் அடித்தது. இந்தத் தடவை நான் பாஸ்கரன் கடைப் பக்கமே போகவில்லை. நேராக மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய், மருந்து ஆரம்பிக்கும் முன்பே கல்ச்சருக்குக் கொடுக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அதே மருத்துவர் தாளோடு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் தாளை எட்டிப் பார்த்தேன். எழுத்துகளைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. மேலிருந்து கீழே அந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

"எனக்கு எப்பிடி டாக்டர் இது? நான் ஒரு மாத்திரகூடப் போட்டதில்லையே. தலவலிக்குக்கூடத் தைலந்தான்" என்றாள் செல்வராணி.

"ஒரே வீடு, ஒரே கக்கூஸு. ஒருத்தர் குடல்ல இருக்கிறது கை வழியா இன்னொருத்தர் குடலுக்குப் போகும்மா. அவர்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா நீங்கதான் மருந்தே எடுக்கலையே, பின்ன மருந்துக்குப் பழகுன கிருமி எங்க இருந்து வரும்?"

"இவருக்குத்தான் சரியாப்போச்சே?"

"அவருக்குச் சுரப்பியிலதான் செத்துருக்கு. குடல்ல இன்னும் இருக்கலாம். அங்கன இருக்கிறவரைக்கும் தொந்தரவு பண்ணாது. எடம் மாறுனாத்தான் சீக்கு."

அவள் கையிலும் ஊசி ஏறியிருந்தது. எனக்கு ஏற்றிய அதே மருந்து, அதே எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவள் சொட்டுகிற மருந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எங்க பாப்பாவுக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். தொந்தரவு இல்லாம சோதிக்கக் கூடாது. இருந்தாலும் குடல்ல இருந்து அத எடுக்க மருந்து கெடையாது. கொஞ்ச நாள்ல தானாப் போனாலும் போகும். கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. அதுதான் இப்போதைக்கு."

அவர் போய்விட்டார். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். மணி ஐந்து ஆகிக்கொண்டிருந்தது. தேன்மொழி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். நான் கிளம்பினால்தான் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குச் சின்னமனூர் போய்ச்சேர முடியும்.

"கெளம்புங்க, பிள்ள தனியா இருப்பா" என்றாள் செல்வராணி. "வீட்டுக்குள்ள போனதும் கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டு அவளுக்குச் சோறு போடுங்க. இல்ல, வேணாம். அவளே போட்டுக்கிரட்டும்."